அமெரிக்க வரலாற்றை உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளிகளில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 வேலைநாள்கள். மாநிலத் தேர்வுகள், பனிவிடுமுறைகள், பாதுகாப்பு ஒத்திகைகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டால், பதினோராம் வகுப்பு வரலாற்று ஆசிரியரின் கையில் 150 பாடவேளைகள் மிஞ்சினாலே அது நல்ல ஆண்டு. அதற்குள் பூர்வகுடி மக்களின் வாழ்வில் தொடங்கி, பிரிட்டிஷ் குடியேற்றங்கள், புரட்சி, அரசமைப்புச் சட்டம், அடிமைமுறை, உள்நாட்டுப் போர், தொழில்மயமாக்கம், இரண்டு உலகப் போர்கள், பனிப்போர், குடிமை உரிமை இயக்கம் என்று இன்றுவரை வந்து சேர வேண்டும் என்று பாடநூல் எதிர்பார்க்கிறது. நானும் முதல் ஆண்டில் பாடநூலை அத்தியாயம் அத்தியாயமாகத்தான் நடத்தினேன். மே மாதம் பிறந்தபோது நாங்கள் இரண்டாம் உலகப் போரைத் தொடக்கூட இல்லை. அதைவிட வருத்தம் தந்தது, செப்டம்பரில் நடத்திய பாடம் மாணவர்களில் பெரும்பாலோரின் நினைவில் இல்லை என்பதுதான். 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் எட்டாம் வகுப்பு மாணவர்களுள் 13 விழுக்காட்டினர் மட்டுமே அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். பதினோராம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள் எந்த அடித்தளத்தோடு வருகிறார்கள் என்பதை அந்த எண்ணே காட்டுகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியப் பணிக்கு வந்துள்ள தமிழர்களையும், வீட்டிலோ வார இறுதி வகுப்பிலோ பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து, ஓர் ஆண்டுப் பாடத்தைத் திட்டமிட்டு நடத்தும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் பாடத்தரங்களைத் தானே வகுத்துக்கொள்கிறது. டெக்சஸில், உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலம் வரையிலான வரலாறு எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடுவதால், உயர்நிலைப் பள்ளிப் பாடம் 1877-க்குப் பிந்தைய காலத்திலிருந்து தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் பதினோராம் வகுப்பும் இருபதாம் நூற்றாண்டின் மீதே அதிகக் கவனம் செலுத்துகிறது. நியூயார்க்கில் ஆண்டின் முடிவில் ரீஜென்ட்ஸ் தேர்வு உண்டு. கல்லூரிப் பாடத்துக்கு இணையான ஏ.பி. வகுப்பு என்றால் 1491-லிருந்து இன்றுவரை ஒன்பது காலப்பகுதிகள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி மாநிலப் பாடத்தரங்களை முழுவதும் வாசித்து, கட்டாயம் நடத்த வேண்டியவற்றுக்கு அடிக்கோடு இடுங்கள். பாடநூலில் இருக்கும் பலவற்றை மாநிலம் கேட்கவே இல்லை என்பது அப்போது தெரியவரும். உங்களுக்குத் தேவையான நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் படி: ஆண்டு முழுவதற்கும் ஒரே கேள்வி

நிகழ்ச்சிகளைக் கோக்க ஒரு நூல் வேண்டும். பல ஆசிரியர்கள் ‘சுதந்திரம்’, ‘முன்னேற்றம்’, ‘அதிகாரம்’ என்று பொதுவான கருப்பொருள்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவை எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி தமிழிலிருந்து வந்தது.

1787-இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை ‘அமெரிக்க மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு சொல். கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறதா, விலக்கிச் சொல்கிறதா என்று அந்தச் சொல் காட்டாது. தமிழில் மொழிபெயர்ப்பவர் முதல் சொல்லிலேயே தயங்கி நின்று ‘நாமா, நாங்களா’ என்று முடிவு செய்தாக வேண்டும். ‘நாம்’ என்றால் எதிரில் இருப்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே. ஆண்டின் முதல் நாளில் இந்த இரண்டு சொற்களையும் பலகையில் எழுதி விளக்குகிறேன். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத மாணவர்களுக்கும் இந்த வேறுபாடு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது. பிறகு ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஆவணத்தின் முன்பும் அதே கேள்வியைக் கேட்கிறோம்: இங்கே பேசுவது நாமா, நாங்களா? ‘நாங்கள்’ என்று இருந்தது ‘நாம்’ ஆனது எப்போது, யாருடைய உழைப்பால், என்ன விலை கொடுத்து? ‘நாம்’ ஆனது மீண்டும் ‘நாங்கள்’ என்று சுருங்கியது எப்போது?

முதல் வாரத்தில் அந்தக் கேள்விக்கு மாணவர்கள் எழுதும் ஒரு பக்க விடையைத் திருத்தாமல் வாங்கி ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். ஆண்டின் இறுதிக் கட்டுரையை எழுதும்போது, தாங்கள் எதை மாற்றிக்கொண்டோம் என்று சான்றோடு விளக்க அது அவர்களுக்குத் தேவைப்படும்.

மூன்றாம் படி: நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம், இன்றைக்கு நெருக்கமான வரலாற்றுக்கு மூன்று வாரம் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பங்கிடுங்கள். செப்டம்பரிலிருந்து முன்னோக்கித் திட்டமிடும் ஆசிரியர்தான் குடியேற்றக் காலத்தில் ஆறு வாரத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் வியட்நாம் போரை இரண்டு நாளில் ஓட்டுவார்.

எதைச் சுருக்குவது, எதில் தங்குவது என்பதில் துணிவு வேண்டும். அதிபர்களின் பெயர் வரிசை, போர்க்கள நகர்வுகள், சுங்கவரிச் சட்டங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரு பக்கக் காலவரிசைத் தாளாகக் கொடுத்துவிடலாம். நீண்ட நேரம் தங்க வேண்டியவை என்று நான் கருதுபவை: 1776 முதல் 1791 வரை நாடு உருவான காலம், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வெளியேற்றம், அடிமைமுறையும் உள்நாட்டுப் போரும், 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலம், குடியேற்றச் சட்டங்கள், பெருமந்தம், ஜப்பானிய அமெரிக்கர்களின் சிறைவைப்பு, குடிமை உரிமை இயக்கம். இவற்றுள் மறுசீரமைப்புக் காலத்துக்கே மிகக் குறைவான நேரம் கிடைக்கிறது. அடிமைமுறையை ஒழித்து, குடியுரிமையையும் வாக்குரிமையையும் உறுதிசெய்த 13, 14, 15-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் 1865, 1868, 1870 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறின; 1870-இலேயே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டில் அமர்ந்தார்; இருபது ஆண்டுகளில், 1890-இல், அதே மிசிசிப்பி புதிய மாநில அரசமைப்பை எழுதி, வாக்கு வரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. இந்த இருபது ஆண்டுகளைப் புரிந்துகொள்ளாத மாணவருக்கு, எழுபத்தைந்து ஆண்டு கழித்து 1965-இல் வாக்குரிமைச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கவே விளங்காது.

நான்காம் படி: ஆவணத்தை வாசிக்கப் பழக்குங்கள்

பாடநூல் முடிவுகளைத் தருகிறது. ஆவணம் அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டுகிறது. காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் தங்கள் சேகரிப்பிலிருந்து ஏராளமான கடிதங்களையும் ஒளிப்படங்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நான்கு பக்கத்தை நீட்டினால் அவர் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். எனவே ஆவணத்தை 200 முதல் 250 சொற்களுக்குள் சுருக்குங்கள். விட்ட இடங்களில் புள்ளிகளை இடுங்கள். கடினச் சொற்களுக்குப் பக்கத்திலேயே பொருள் எழுதுங்கள். மூலத்தின் படத்தையும் ஒருமுறை திரையில் காட்டுங்கள். அடித்தல் திருத்தல்களையும் கையெழுத்தையும் பார்க்கும்போதுதான், இதை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருகிறது.

வாசிக்கத் தொடங்கும் முன்பே நான்கு கேள்விகள்: யார் எழுதியது? எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்திருந்தது? யாருக்காக எழுதியது? எழுதியவர் எதை எதிர்பார்த்தார்? உள்ளடக்கத்துக்குப் போகும் முன் இந்த நான்குக்கும் விடை எழுதுவதை முதல் மாதத்தில் கட்டாயமாக்குங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நவம்பருக்குள் அது கைப்பழக்கமாகிவிடும்.

இந்த முறையில் ஒரு 50 நிமிடப் பாடவேளை எப்படிப் போகும் என்பதற்கு, பேருந்துகளில் நிலவிய இனப்பிரிவினையை எதிர்த்து அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம், ரோசா பார்க்ஸைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு பெண்மணி இருக்கையை விட்டு எழ மறுத்தார், அதன்பின் மார்ட்டின் லூதர் கிங் வந்தார், சட்டம் மாறியது என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே கதையை எழுதுவார்கள். அதை அப்படியே பலகையில் எழுதி வையுங்கள்.

அடுத்து முதல் ஆவணம். 1954 மே 21 அன்று, மாண்ட்காமரி மேயர் கெயிலுக்கு ஜோ ஆன் ராபின்சன் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம். அவர் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர். தங்கள் கோரிக்கைகளைக் கேட்டதற்கு நன்றி சொல்லி, மிகப் பணிவாகக் கடிதம் தொடங்குகிறது. கோரிக்கைகள் மூன்று: கறுப்பினப் பயணிகள் பின்னாலிருந்து முன்னோக்கியும் வெள்ளையர்கள் முன்னாலிருந்து பின்னோக்கியும் இடம் நிரம்பும்வரை அமர அனுமதிக்க வேண்டும், முன்வாசலில் கட்டணம் செலுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்லக் கூடாது, வெள்ளையர் பகுதிகளைப் போலவே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் பேருந்து நிற்க வேண்டும். அதன்பின் கடிதத்தின் குரல் மாறுகிறது. பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர் என்றும், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓட முடியாது என்றும், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன என்றும் அவர் எழுதுகிறார். இந்தக் கடிதத்தின் தேதியைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. கடிதம் அதற்கு ஒன்றரை ஆண்டு முந்தையது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு வந்து நான்கே நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது ஆவணம், பார்க்ஸ் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைக் காட்டும் பேருந்தின் வரைபடம். இது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட முன்வரிசைகளில் அவர் அமரவில்லை, அவற்றுக்கு அடுத்த வரிசையில்தான் அமர்ந்திருந்தார் என்பதை மாணவர்கள் தாங்களே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது, கைது நடந்த இரவில் ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய அச்சிட்ட துண்டறிக்கை. இன்னொரு பெண் கைது செய்யப்பட்டிருக்கிறார், திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்று அது கேட்டுக்கொள்கிறது. அதில் ‘கிளாடெட் கோல்பர்ட் வழக்கு’ என்று ஒரு குறிப்பு வரும். அவசரத்தில் நேர்ந்த பெயர்ப்பிழை அது. உண்மையில் அவர் கிளாடெட் கால்வின். அதே ஆண்டு மார்ச் 2 அன்று, பதினைந்து வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைவிட ஒரு வயது சிறியவர் என்று சொல்லுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் பலகையிலிருக்கும் கதைக்குத் திரும்பி, எந்த வரியை அடிப்பது, எதைச் சேர்ப்பது என்று மாணவர்களே முடிவு செய்யட்டும். இங்கே ஆசிரியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கதை உடைந்ததும் பிள்ளைகள் எதிர்முனைக்கு ஓடி, ‘அப்படியென்றால் எல்லாம் முன்கூட்டியே போட்ட நாடகம்’ என்று சொல்லத் தொடங்குவார்கள். அதற்கு ஆவணங்களில் சான்று இல்லை. புறக்கணிப்புக்கு ஆயத்தம் இருந்தது. அந்த மாலையில் எழ மறுத்தது பார்க்ஸின் சொந்த முடிவு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை அவர்கள் பிடித்துக்கொள்ளும்வரை மணியடித்தாலும் பாடம் முடியவில்லை. புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததையும், பேருந்துப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்த பிரௌடர் வழக்கில் கால்வின் வழக்காளிகளுள் ஒருவராக இருந்தார், பார்க்ஸ் இருக்கவில்லை என்பதையும் மறுநாள் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஆவணத்தோடு ஆவணத்தை மோதவிடுங்கள்

ஒரே ஆவணத்தை நம்பிப் பழகிய மாணவர் பாடநூலை நம்பியதைப் போலவே அதையும் நம்பத் தொடங்குவார். உள்நாட்டுப் போரின் காரணம் இதற்கு மிகப் பொருத்தமான பாடம், ஏனென்றால் ‘போர் மாநில உரிமைகளுக்காக நடந்தது, அடிமைமுறைக்காக அன்று’ என்ற வாதத்தைச் சில மாணவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது மிசிசிப்பி 1861-இல் வெளியிட்ட அறிக்கையைக் கையில் கொடுங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று அது தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்துபோன மாநிலங்கள் அமைத்த தென்கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் ஆற்றிய உரையைக் கொடுங்கள். இன ஏற்றத்தாழ்வே புதிய அரசின் மூலைக்கல் என்று அவர் வெளிப்படையாகப் பேசுகிறார். அதன்பின், அதே ஸ்டீஃபன்ஸ் போர் முடிந்து எழுதிய நூலில், மோதல் அரசமைப்புக் கொள்கையைப் பற்றியதே என்று வாதிடும் பகுதியைக் கொடுங்கள். ஒரே மனிதர், இரண்டு விதமான விளக்கம். ‘இடையில் என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். தோற்ற பிறகு ஒரு போருக்கு எப்படி வேறு காரணம் கற்பிக்கப்படுகிறது என்பதை மாணவரே சொல்லிவிடுவார்.

லிங்கனையும் இதே போல நடத்த வேண்டும். அடிமை யாரையும் விடுவிக்காமலே ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அப்படிச் செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் கிரீலிக்கு எழுதியவரும், 1863 ஜனவரி 1 அன்று அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும், 1865 மார்ச்சில் இரண்டாம் பதவியேற்பு உரையில் போரையே அடிமைமுறை என்ற பாவத்துக்கான தண்டனையாகப் பார்த்தவரும் ஒருவரே. அவரைத் தெய்வமாக்கும் பாடமும் வேடதாரி என்று தள்ளிவிடும் பாடமும் இந்த மூன்று ஆவணங்களையும் வரிசையாக வாசிக்காத பாடங்கள்.

அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோசெஸ்டர் நகரில் ஆற்றிய உரையை சுதந்திரப் பிரகடனத்தோடு சேர்த்து வாசிக்கலாம். ‘உங்கள் சுதந்திர நாள்’ என்று அவர் மீண்டும் மீண்டும் சொல்லும் இடங்களை மாணவர்கள் அடிக்கோடிடட்டும். நாம், நாங்கள் என்ற கேள்வி அங்கே தானாகவே எழும். 1848-இல் செனகா ஃபால்ஸில் பெண்கள் வெளியிட்ட பிரகடனம், சுதந்திரப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் எழுதிய ‘எல்லா ஆண்களும் சமமாகவே படைக்கப்பட்டார்கள்’ என்ற வாக்கியத்தையே எடுத்து, ‘ஆண்களும் பெண்களும்’ என்று வரும்படி ஆங்கிலத்தில் இரண்டே சொல் சேர்த்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஆறாம் படி: எண்களைக் கணக்குப் போட வையுங்கள்

பிரதிநிதிகள் அவையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட அடிமைகளை எப்படி எண்ணுவது என்று சொன்ன அரசமைப்பின் ஐந்தில் மூன்று பங்கு விதியை, ‘அடிமை ஒருவர் மனிதரில் ஐந்தில் மூன்று பங்கு என்று கருதினார்கள்’ என்று மட்டும் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் முழு மனிதராக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை உரிமையாளர்கள்தான் என்று சொன்னால் திகைத்துப் போவார்கள். கணக்கு தெளிவுபடுத்தும். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610. அவர்களுள் அடிமைகள் 2,92,627 பேர். அதன்பின் 33,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று பிரதிநிதிகள் அவை பங்கிடப்பட்டது. பின்னத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அடிமைகளை எண்ணவே இல்லையென்றால் 13 இடம், ஐந்தில் மூன்று பங்கு எண்ணினால் 19 இடம், முழுவதும் எண்ணினால் 22 இடம் என்று வரும். வர்ஜீனியாவுக்குக் கிடைத்தது 19. வாக்களிக்க முடியாத மனிதர்களின் பெயரால் அவர்களின் உரிமையாளர்களுக்குக் கிடைத்த அந்த ஆறு இடங்களை மாணவரே கணித்துக் கண்டடையும்போது, சட்டத்தின் சொற்களுக்குப் பின்னால் இருந்த அதிகாரப் பேரம் புலப்படுகிறது. அந்த அரசமைப்பில் ‘அடிமை’ என்ற சொல்லே வராது, ‘பிற நபர்கள்’ என்றுதான் வரும் என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: வலி தரும் பாடங்களை நடத்தும் முறை

அடிமைச் சந்தையையோ சிறைமுகாமையோ வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அந்த அனுபவத்தை நடிப்பால் உணர முடியாது. அவமானத்தை மட்டும் உண்டாக்க முடியும். அடிமைமுறை பற்றிய பாடத்தில் கறுப்பின மாணவரையும், செரோக்கி பாடத்தில் பூர்வகுடி மாணவரையும் திரும்பிப் பார்த்து ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்காதீர்கள். தன் இனம் முழுவதற்கும் பேச வேண்டிய சுமை எந்தப் பிள்ளைக்கும் கூடாது. ஆவணத்தில் இழிசொல் வந்தால் அச்சில் அது இருக்கலாம், வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

துன்பத்தை மட்டுமே காட்டுவதும் பெருந்தவறு. செரோக்கி மக்களை, ‘கண்ணீர்த் தடம்’ எனப்படும் கட்டாய வெளியேற்றப் பாதையில் நடந்து மடிந்தவர்களாக மட்டும் மாணவர்கள் அறிந்தால், அவர்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி அது. செகோயா என்பவர் 1821-இல் தம் மொழிக்கு உருவாக்கிய எழுத்துமுறையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசையைக் குறிக்கும். நம் உயிர்மெய்யைப் பழகிய கண்ணுக்கு அது வியப்பாகவும் நெருக்கமாகவும் இருக்கிறது. 1828-இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வெளிவந்தது. 1832-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பும் வந்தது. பிறகும் 1838-இல் படைகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர்வரை இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. எழுத்தும் இதழும் வழக்கும் கொண்டு போராடிய மக்கள் என்று தெரிந்த பின்புதான் இழப்பின் அளவும் தெரியும்.

1930-களில் அரசு ஊழியர்கள் பதிவு செய்த, முன்னாள் அடிமைகளின் 2,300-க்கும் மேற்பட்ட வாய்மொழிகளைப் பயன்படுத்தும்போது, கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதையும், விடை சொன்னவர்கள் வறுமையில் இருந்த முதியவர்கள் என்பதையும் மாணவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

2021 முதல் பல மாநிலங்கள் இனம் பற்றிய பாடங்களுக்கு வரையறைகள் விதித்துச் சட்டம் இயற்றியுள்ளன. செய்தியில் கேட்டதை வைத்துப் பயந்து பாடத்தை விட்டுவிடாமல், உங்கள் மாநிலச் சட்டத்தின் வாசகத்தை நீங்களே படியுங்கள். அலகு தொடங்கும் முன் எந்தெந்த ஆவணங்களை வாசிக்கப்போகிறோம் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்புங்கள். என் அனுபவத்தில், ஆவணத்தை முன்வைத்து நடத்தும் பாடத்துக்கு எதிர்ப்பு குறைவு. ஆசிரியரின் கருத்தை முன்வைக்கும் பாடத்துக்கே அதிகம்.

எட்டாம் படி: குடியேற்றச் சட்டங்கள்

இந்தப் பகுதியில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். 1790-ஆம் ஆண்டுச் சட்டம் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1922 நவம்பரில், ஜப்பானில் பிறந்த ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் கூறி அவருக்குக் குடியுரிமையை மறுத்தது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரி 19 அன்று, பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், அப்படியென்றால் நானும் காக்கேசியரே என்று வாதிட்டபோது, அறிவியல் வகைப்பாடு முக்கியமன்று, சாதாரண மனிதரின் புரிதலே முக்கியம் என்று அதே நீதிமன்றம் அவரையும் விலக்கியது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லண்ட். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பத்தியை அருகருகே அச்சிட்டுக் கொடுங்கள். முரண்பாட்டைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணைக்கு வரலாம். ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1946-இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு சற்றே திறந்தது. 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கிய பழைய பங்கீட்டு முறையை ஒழித்தது. இன்று அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டம் திறந்த வாசலின் வழியாக வந்தவை. அது வாக்குரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டில், அதே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்குரிமை கேட்டு அலபாமாவில் அடிவாங்கி நடந்தவர்கள் உருவாக்கிய காலத்தின் பயன் நமக்கும் கிடைத்திருக்கிறது.

ஒன்பதாம் படி: வாரம் ஒரு பத்தி

எழுதாமல் வரலாறு வராது. வாரத்துக்கு ஒரு பத்தி போதும்: முதல் வாக்கியத்தில் மறுக்கக்கூடிய ஒரு கருத்து, அடுத்து ஆவணத்திலிருந்து இரண்டு சான்று, அதன்பின் அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம், கடைசியில் தன் கருத்துக்கு எதிராக நிற்கும் ஒரு சான்று. திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வளைக்காமல், ஒரு வாரம் முதல் வாக்கியத்தை மட்டும், மறுவாரம் விளக்கத்தை மட்டும் பாருங்கள். ஏ.பி. தேர்வில் ஏழு ஆவணங்களை வாசித்து ஒரு மணி நேரத்தில் எழுத வேண்டிய கட்டுரை உண்டு. அதற்கு ஏழு புள்ளிகள். வாராந்தரப் பத்தியை ஒழுங்காக எழுதிவந்த மாணவருக்கு அது நான்கு பத்திகளின் தொகுப்பாகவே தோன்றும். தனிப்பயிற்சி ஏப்ரலில் இரண்டு வாரம் கொடுத்தால் போதும்.

பத்தாம் படி: மூத்தவர் ஒருவரைப் பேட்டி காணுதல்

தேர்வுகள் முடிந்த பின் வரும் வாரங்கள் வீணாகிப் போவது வழக்கம். அந்த நேரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் அறுபது வயதைக் கடந்த ஒருவரை, பாட்டி தாத்தாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம், அரை மணி நேரம் பேட்டி காண வேண்டும். அனுமதி கேட்டே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் விடை முடிந்துவிடும். ‘முதல் வேலைக்குப் போன நாளில் எந்த வழியாகப் போனீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு உட்கார்ந்தீர்கள்?’ என்று கேட்டால் பேச்சு நிற்காது. பேட்டியில் வரும் ஒரு நிகழ்ச்சியையாவது அந்தக் காலத்துச் செய்தித்தாளோடோ சட்டத்தோடோ ஒப்பிட்டு, எங்கே பொருந்துகிறது, எங்கே மாறுகிறது என்று எழுத வேண்டும். மாறும் இடத்தில் மூத்தவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாமல், நினைவு ஏன் அப்படி மாறியிருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். ராபின்சனின் துண்டறிக்கையில் கால்வின் கோல்பர்ட் ஆனதை அப்போது நினைவூட்டலாம். பேட்டி தமிழிலோ ஸ்பானிஷிலோ வியட்நாமியிலோ நடந்தால், மூலமொழியில் ஒரு பக்கமும் மாணவரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வாங்குங்கள். எழுதி முடித்ததும் ஒரு படியைப் பேட்டி தந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் திருத்தச் சொல்லும் இடங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்த பிறகே மதிப்பெண் இடுங்கள்.